கொடுமுடிக் கோகிலம்

கொங்கு நாட்டிலே காவிரியாற்றின் கரையில் கொடுமுடி என்னும் ஊர் உள்ளது. வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரி இவ்வூரை அடைந்ததும் கிழக்கு முகமாகத் திரும்பிச் செல்கின்றது. தேவாரம் பாடிய மூவரும் பாண்டிக் கொடுமுடி என்று போற்றிய பழம்பதி இதுவே. சிவபெருமானும் திருமாலும் நான்முகனும் ஒரே திருக்கோயிலில் எழுந்தருளியிருப்பது இவ்வூருக்கு வாய்த்த தனிச் சிறப்பாகும். இத்துணைப் பழம்பெருமை படைத்த ஊருக்கு இருபதாம் நூற்றாண்டில் மற்றொரு பெருமையும் வந்து சேர்ந்தது. அது ஒரு பெண்ணின் குரலால் வந்த பெருமை. கொடுமுடிக் கோகிலம் என்று நாட்டார் அன்புடன் அழைத்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரே அப்பெருமையைத் தேடித் தந்தவர். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், நாடக மேடையிலும் இசையரங்கிலும் இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் அவருடைய குரல் தமிழ் மக்களின் செவிக்கு விருந்தாக விளங்கியது.

பிறப்பும் வறுமையும்

சுந்தராம்பாள் 1908ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் கொடுமுடியில் பிறந்தார். அந்நாளில் அவ்வூர் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. இன்று ஈரோடு மாவட்டத்தில் அடங்கியுள்ளது. அவருடைய தாயார் பாலாம்பாள். பெயருக்கு முன்னே நிற்கும் இரண்டு எழுத்துகளுள் முதலாவது பிறந்த ஊரையும் இரண்டாவது பெற்ற தாயையும் குறிக்கும். தந்தையின் பெயரைத் தலையெழுத்தாகக் கொள்வதே வழக்கமாக இருந்த காலத்தில், இவர் தாயின் பெயரைத் தாங்கி நின்றதற்குக் காரணம் உண்டு. இளமையிலேயே தந்தையை இழந்த அக்குழந்தைகளைக் காக்கும் சுமை முழுவதும் பாலாம்பாளின் தோள்மீதே விழுந்தது. கையிலே பொருளில்லை, துணைக்கு ஆளில்லை. அன்றாட உணவே அரிதாயிற்று.

வறுமை மிக்க அவ்வீட்டில் இறைவன் வைத்திருந்த செல்வம் ஒன்றே ஒன்றுதான். அது சிறுமி சுந்தராம்பாளின் குரல். முறையாகக் கற்பிக்க ஆசிரியர் இல்லாத போதும், கேட்ட பாட்டைக் கேட்டவாறே பாடும் ஆற்றல் அவருக்கு இயல்பாக அமைந்திருந்தது. ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் இருப்புப் பாதையில் கொடுமுடி ஒரு நிலையம். அவ்வழியே சென்ற இரயில் வண்டியில் பாடி, பயணிகள் மனமுவந்து அளித்த காசைக் கொண்டு சிறுமி தன் குடும்பத்தின் பசியைத் தணித்தாள் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். பிற்காலத்தில் ஒரு திரைப்படத்திற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்ற குரல், முதலில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் பாடிய குரலேயாகும்.

நாடக மேடை

இரயிலிலே பாடிய சிறுமியின் திறம் நாடகத் துறையினரின் செவிக்கு எட்டியது. வேலு நாயர் என்பவர் நடத்திய நாடகக் குழுவிலே சுந்தராம்பாள் சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்குப் பத்து வயதும் நிரம்பவில்லை. முதற்கண் அவர் புனைந்த வேடங்களுள் ஒன்று, நல்லதங்காள் நாடகத்தில் நல்லதங்காளின் ஆண்குழந்தை வேடமாகும். நாட்டிலே பஞ்சம் வந்தபோது ஏழு குழந்தைகளுடன் தமையன் வீட்டை நாடிச் சென்று, அண்ணியின் கொடுமையால் மனமுடைந்து, குழந்தைகளைக் கிணற்றில் எறிந்து தானும் மடிந்த ஒரு தாயின் கதை அது. அக்கதையிலே பசி பொறுக்க மாட்டாத குழந்தை தாயிடம் உணவு கேட்டு அழுது பாடுதல் வேண்டும். பசியின் கொடுமையை நூலிலே கற்காமல் வீட்டிலே கற்றவர் சுந்தராம்பாள். ஆகவே அவர் அப்பாட்டைப் பாடியபோது அவையோர் கண்ணீர் வடித்ததில் வியப்பில்லை.

அக்காலத்து நாடகத்தின் இயல்பை இன்றைய மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். இரவு பத்து மணியளவில் தொடங்கும் நாடகம் பொழுது புலரும் வரையில் நடைபெறும். ஒலிபெருக்கி என்னும் கருவி அந்நாளில் இல்லை. ஆயிரக்கணக்கான மக்கள் கூடியிருக்கும் கொட்டகையில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டல் வேண்டும். ஆதலால் ஆர்மோனியத்தில் நான்கு கட்டை, ஐந்து கட்டை என்று சொல்லப்படும் உயர்ந்த சுருதியை வைத்துக்கொண்டு, விடிய விடியக் குரல் கம்மாமல் பாட வல்லவரே மேடையில் நிலைத்தனர். குரல் இனிமையாக இருந்தால் மட்டும் போதாது. அது வலிமையாகவும் இருத்தல் வேண்டும். சொல்லைச் சிதைக்காமல் பாடுதலும் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்த குரல் சுந்தராம்பாளுடையது.

அன்றியும், அந்நாளில் தனி நாடகம் என்ற ஒரு முறையும் பரவியிருந்தது. மக்கள் அதனை ஸ்பெஷல் நாடகம் என்பர். வெவ்வேறு ஊர்களிலிருந்து புகழ்பெற்ற நடிகர்களைத் தனித்தனியே வரவழைத்து, ஒத்திகையின்றி ஓரிரவு நாடகத்தை நடத்துவதே அம்முறை. சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி முதலிய நாடகங்களின் பாடல்களை நடிகர் அனைவரும் மனப்பாடமாக அறிந்திருப்பர். ஆயினும் இடையிடையே நிகழும் தருக்கம் அன்றன்று மேடையிலேயே பிறக்கும். எதிரில் நிற்பவர் எந்த வினாவை எழுப்புவார், எந்த இராகத்தை எடுப்பார் என்று முன்னரே அறிதல் இயலாது. உடனுக்குடன் விடை கூறுதல் வேண்டும். அவர் எட்டிய இடத்தைத் தாமும் எட்டிப் பாடுதல் வேண்டும். இத்தகைய களத்திலேதான் சுந்தராம்பாளின் புலமை கூர்மை பெற்றது. பெண் வேடத்தில் மட்டுமன்றி ஆண் வேடத்திலும் தோன்றி அவர் புகழ் பெற்றார்.

இலங்கையும் இல்லறமும்

1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் போக்குவரத்து ஏற்பட்டது. அதன்பின் தமிழ்நாட்டு நாடகக் குழுவினர் இலங்கைக்குச் சென்று வருதல் எளிதாயிற்று. சுந்தராம்பாளும் இலங்கை சென்று அங்குள்ள தமிழ் மக்களின் பேராதரவைப் பெற்றார். 1926ஆம் ஆண்டில் அங்கேதான் அவர் செங்கோட்டை கிட்டப்பாவைச் சந்தித்தார்.

எஸ். ஜி. கிட்டப்பா 1906ஆம் ஆண்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே மேடையேறியவர். மூன்று ஸ்தாயியிலும் தடையின்றி உலவும் குரல் படைத்தவர் என்று இசை வல்லுநர்களே அவரைக் கண்டு வியந்தனர். அவருக்கு இணையாக நின்று பாடுதல் எவருக்கும் எளிதன்று. ஒரே மேடையில் இருவரும் தோன்றினால் ஒருவர் புகழ் மற்றவரால் மங்கிவிடும் என்று பலர் எண்ணினர். நிகழ்ந்ததோ வேறு. வள்ளி திருமணத்தில் கிட்டப்பா வேலனாகவும் சுந்தராம்பாள் வள்ளியாகவும் தோன்றியபோது, ஒருவர் குரல் மற்றவர் குரலுக்கு ஒளி தந்தது. கிட்டப்பாவின் தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்துப் பக்கத்துணையாக விளங்கினார். இலங்கையிலும் தமிழகத்திலும் அவ்விருவர் நாடகம் என்றால் ஊரே திரண்டது.

கலையால் ஒன்றிய உள்ளங்கள் வாழ்க்கையிலும் ஒன்றின. 1927ஆம் ஆண்டில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். கிட்டப்பா முன்னரே மணமானவர். மேலும் இருவரும் வெவ்வேறு குலத்தில் பிறந்தவர்கள். ஆதலின் இவ்வில்லறம் தொடக்கத்திலிருந்தே இடர்ப்பாடுகளைச் சந்தித்தது. மனவேற்றுமைகள் தோன்றின, பிரிவும் நேர்ந்தது. கிட்டப்பாவின் உடல்நலமும் குன்றியது. 1933ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2ஆம் நாள், முப்பது வயதும் நிரம்பாத அப்பெருங்கலைஞர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அன்று சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. புகழின் உச்சியில் நின்ற அவர், அந்நாள் முதல் வண்ண ஆடைகளை விலக்கி வெண்ணிற ஆடையை மேற்கொண்டார். அணிகலன்களைத் துறந்தார். இனி ஆடவர் எவருக்கும் இணையாகக் காதல் வேடம் புனைந்து நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். அவ்வுறுதியின் பொருளை நாம் ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். வள்ளி வேடமும் மாதவி வேடமும் ஒரு நடிகைக்குப் புகழும் பொருளும் தந்தவை. அவற்றைக் கைவிடுதல் என்பது தம் பிழைப்பையே கைவிடுதலுக்கு ஒப்பாகும். பசியை அறியாதவர் அவ்வாறு முடிவு செய்தால் அதனை அறியாமை என்னலாம். பசியை நன்கு அறிந்தவர் செய்த முடிவு அது. தம் துயரத்திற்கும் தம் அன்பிற்கும் அவர் அளித்த மதிப்பு அத்தகையது. அதன் பின்னர் நாற்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்த அம்மையார் ஒருநாளும் அவ்வுறுதியிலிருந்து வழுவினாரல்லர்.

நந்தனார் வேடம்

மேடையை விட்டுச் சில காலம் ஒதுங்கியிருந்த அம்மையார், அன்பர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி மீண்டும் பாடத் தொடங்கினார். அக்காலத்தில் நாடக உலகம் பெரிய மாறுதலை அடைந்துகொண்டிருந்தது. 1931ஆம் ஆண்டில் காளிதாஸ் என்னும் முதல் தமிழ்ப் பேசும் படம் வெளிவந்தது. அதன்பின் நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகத் திரைப்படக் கொட்டகைகளாக மாறின. மேடையிலே பாடியவர்களைத் திரையுலகம் தேடித் தேடி அழைத்தது. நடிப்பவரே பாடவும் வேண்டியிருந்த காலம் அது.

அம்மையாரையும் திரையுலகம் அழைத்தது. ஆனால் அவருடைய உறுதி குறுக்கே நின்றது. ஆடவருடன் இணைந்து நடிக்க மாட்டேன் என்பவருக்கு எவ்வேடத்தை அளிப்பது? அவ்வினாவுக்கு விடையாக அமைந்தது நந்தனார் சரித்திரம். அதில் நந்தனார் வேடத்தையே அம்மையார் ஏற்றார். அதற்காக அவருக்கு அளிக்கப்பட்ட ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அந்நாளில் அது கேட்டோர் வாயடைத்து நின்ற பெருந்தொகை. எம். எல். டாண்டன் இயக்கிய அப்படம் 1935ஆம் ஆண்டில் வெளிவந்தது. இசைப் பேரறிஞர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் அதில் வேதியர் வேடம் ஏற்றார்.

பிறப்பின் காரணமாகக் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஓர் அடியார், இறைவனைக் காணத் துடித்த வரலாறே நந்தனார் சரித்திரம். பட்டம் பெற்ற வித்துவான் ஒருவர், நாடக மேடையிலிருந்து வந்த பெண்ணுக்குச் சமமாக நின்று பாடியதும், கதையின் முடிவில் நந்தனாரின் பெருமையை வேதியர் உணர்ந்து வணங்குவதும் அந்நாளில் சிறிய செய்திகள் அல்ல. படத்தைக் குறித்துப் பத்திரிகைகள் சில கடுமையாகவே எழுதின. ஆயினும் அம்மையாரின் பாட்டைக் குறை கூற எவராலும் இயலவில்லை.

நாட்டுத் தொண்டு

அம்மையாரின் குரல் கேளிக்கைக்கு மட்டும் பயன்படவில்லை. நாட்டு விடுதலைக்கும் அது பயன்பட்டது. தீரர் சத்தியமூர்த்தி நாடகக் கலையிலும் இசையிலும் பேரார்வம் கொண்டவர். நாடக நடிகர்களை இழிவாகக் கருதிய காலத்தில், அவர்களைத் தேசத் தொண்டர்களாக மதித்துப் பேரியக்கத்தில் ஈடுபடுத்திய பெருமை அவரைச் சாரும். அவருடைய ஊக்கத்தால் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் காங்கிரசுப் பேரியக்கத்தின்பால் ஈர்க்கப்பட்டனர், கதராடை அணிந்தனர். கதரின் பெருமையையும் தலைவர்களின் தியாகத்தையும் கூறும் பாடல்களை அம்மையார் மேடைதோறும் பாடினார்.

நாடகங்களைத் தடை செய்வதற்கென்றே ஆங்கில அரசாங்கம் 1876ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. மேடையில் பாடும் ஒரு பாட்டுக்காக நாடகம் முழுவதுமே தடை செய்யப்படலாம். நடிகரின் பிழைப்பு ஓரிரவில் பறிபோகலாம். அதனை அறிந்திருந்தும் அம்மையார் பாடினார். இசைத்தட்டுகளும் அத்தொண்டிற்குத் துணை நின்றன. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அந்நாளைய தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே பாடும். நாடகத்தில் ஒரு மணி நேரம் விரித்துப் பாடத்தக்க இராகத்தை அம்மூன்று நிமிடத்தில் சுருக்கித் தருதல் ஒரு தனிக்கலை. அம்மையார் அக்கலையிலும் வல்லவரானார். கிராமபோன் பெட்டி வைத்திருந்த ஒரு வீட்டின் திண்ணையில் தெருவே கூடி நின்று அவர் பாட்டைக் கேட்டது. நாடகம் காணச் செல்லாதவரும், கூட்டத்திற்குச் செல்ல அஞ்சியவரும் அக்குரலின் வாயிலாக நாட்டுணர்வு பெற்றனர்.

1937ஆம் ஆண்டில் நடைபெற்ற தேர்தலின்போது அம்மையார் காங்கிரசுக்காக ஊர் ஊராகச் சென்று பாடினார். மணிக்கணக்கில் பேசும் பேச்சாளரைக் கேட்க வராத மக்களும் அவர் பாட்டைக் கேட்கத் திரண்டு வந்தனர். நாடு விடுதலை பெற்ற பின், 1951ஆம் ஆண்டில் அம்மையார் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். இந்தியாவிலேயே சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதல் திரைக்கலைஞர் அவரே என்று கூறுவர். இரயில் வண்டியில் பாடிய சிறுமி, நாட்டின் சட்டங்களை ஆராயும் அவையில் அமர்ந்தது குடியாட்சியின் சிறப்பையும் காட்டுவதாகும்.

ஔவையாராக

நந்தனாருக்குப் பின்னர் 1940ஆம் ஆண்டில் மணிமேகலை என்னும் படத்தில் அம்மையார் நடித்தார். உலக இன்பத்தை வெறுத்து, அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி போக்கிய மணிமேகலையின் வேடம் அவருடைய வாழ்க்கைக்கு முற்றிலும் பொருந்தியதன்றோ! அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் அவர் எந்தப் படத்திலும் தோன்றவில்லை. வேடம் தமக்குப் பொருந்தாவிடில் பொருளுக்காக இசைதல் அவர் இயல்பன்று. அவ்விடைக்காலத்தில் இசையரங்குகளே அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

ஜெமினி நிறுவனத்தார் எஸ். எஸ். வாசன், ஔவையாரின் வரலாற்றைப் பெரும் பொருட்செலவில் படமாக்க எண்ணினார். தமிழ் மூதாட்டியின் வேடத்திற்கு அம்மையாரைத் தவிர வேறொருவரை எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை. கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய அப்படம் பல ஆண்டு உழைப்பிற்குப் பின் 1953ஆம் ஆண்டில் வெளிவந்தது. தம் இளமையையும் அழகையும் நீக்கி முதுமையை அருளுமாறு விநாயகப் பெருமானை ஔவையார் வேண்டிப் பெற்றார் என்பது கதை. இருபத்தைந்தாம் வயதில் இளமையின் ஒப்பனைகளைத் தாமே களைந்தவருக்கு அவ்வேடம் இயல்பாகவே அமைந்தது. படம் பெருவெற்றி பெற்றது. எழுத்தறியாத சிற்றூர் மக்களும் ஔவையார் என்றால் நரைத்த தலையும் கையிற் கோலும் நெற்றி நிறைந்த திருநீறுமாக அம்மையாரையே மனக்கண்ணால் கண்டனர். நூல்களில் வாழ்ந்த மூதாட்டிக்கு மக்கள் நெஞ்சில் ஓர் உருவமும் குரலும் கிடைத்தன.

1964ஆம் ஆண்டில் வெளிவந்த பூம்புகார் படத்தில் அம்மையார் கவுந்தியடிகள் வேடம் ஏற்றார். அப்படத்திற்குக் கதை வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. அவர் பகுத்தறிவு இயக்கத்தைச் சேர்ந்தவர். அம்மையாரோ முருகனடியை மறவாத பேரன்பர். கோவலன் கொலையுண்டபின் பாடும் பாட்டில் தெய்வம் எங்கே என்று வினவும் பொருளில் ஓர் அடி அமைந்திருந்தது. அதனைப் பாட அம்மையார் தயங்கினார். தம் நாவால் தெய்வத்தை ஐயுறுதல் தமக்கு ஒவ்வாது என்பதை அடக்கத்துடன் எடுத்துரைத்தார். எழுதியவரும் சினவாமல், அவர் உள்ளம் ஏற்கும்வண்ணம் அவ்வடியை மாற்றிக் கொடுத்தார். அதன் பின்னரே அம்மையார் பாடினார். தம் கொள்கையை விடாத பாடகரும், பிறர் கொள்கையை மதித்த எழுத்தாளரும் ஒருங்கே பெருமை பெற்ற நிகழ்ச்சி இது. கருத்து வேறுபட்டோர் ஒருவரையொருவர் மதித்தல் எவ்வாறு என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

அடுத்த ஆண்டில் ஏ. பி. நாகராஜன் இயக்கிய திருவிளையாடல் வெளிவந்தது. கே. வி. மகாதேவன் இசையமைத்த அப்படத்தில் அம்மையார் மீண்டும் ஔவையாராகத் தோன்றினார். மாங்கனிக்காகச் சினங்கொண்டு மலைமேல் ஏறி நின்ற முருகனை ஔவையார் ஆற்றுவிக்கும் பகுதியில் அவர் பாடிய பாட்டு, இன்றும் முருகன் கோயில் விழாக்களில் ஒலித்துக்கொண்டிருக்கின்றது. 1967ஆம் ஆண்டில் வெளிவந்த கந்தன் கருணையிலும் அவர் ஔவையாராகவே நடித்தார். அப்போது அவர் அறுபதாம் வயதை நெருங்கியிருந்தார். ஒலிபெருக்கியும் ஒலிப்பதிவுக் கருவியும் வந்துவிட்ட அக்காலத்தில், மெல்லிய குரலில் பாடினாலும் போதும். ஆயினும் அம்மையார் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிய பழைய முறையைக் கைவிடவில்லை. ஒவ்வோர் எழுத்தும் தன் முழு ஒலியுடன் வெளிப்பட்டது. ஒவ்வொரு சொல்லும் தன் முழுப் பொருளுடன் வெளிப்பட்டது.

சிறப்புகளும் முடிவும்

காலம் தாழ்ந்து வந்தாலும் சிறப்புகள் அம்மையாரைத் தேடி வந்தன. தமிழிசைச் சங்கத்தார் அவருக்கு இசைப்பேரறிஞர் என்னும் பட்டம் வழங்கினர். 1969ஆம் ஆண்டில் வெளிவந்த துணைவன் படத்தில் பாடியமைக்காக, இந்திய அரசின் சிறந்த பின்னணிப் பாடகி விருது அவருக்குக் கிடைத்தது. பெண் பாடகர்க்கு அவ்விருது வழங்கப்பெற்ற இரண்டாம் ஆண்டு அது; முந்திய ஆண்டில் அதனைப் பெற்றவர் பி. சுசீலா. தம்மினும் ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டு இளையவரான பாடகியின் வரிசையில், அறுபது வயது கடந்த அம்மையார் தம் குரலின் வலிமையால் இடம் பெற்றார். 1970ஆம் ஆண்டில் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ என்னும் விருதையும் அளித்துச் சிறப்பித்தது. 1973ஆம் ஆண்டில் வெளிவந்த காரைக்கால் அம்மையார், திருமலை தெய்வம் என்னும் படங்களிலும் அவர் குரல் தளர்ச்சியின்றி ஒலித்தது.

அவர் நடித்த படங்களை எண்ணிப் பார்த்தால் ஏறத்தாழப் பன்னிரண்டுக்கு மேல் இரா. நாற்பது ஆண்டுத் திரையுலக வாழ்வில் இது மிகக் குறைந்த தொகையே. ஆனால் நந்தனார், மணிமேகலை, ஔவையார், கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார் என்று அவர் ஏற்ற வேடங்களை ஒருங்கே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். அவர்கள் அனைவரும் உலகப் பற்றைத் துறந்து உயர்ந்த ஒன்றைப் பற்றி நின்றவர்கள். அம்மையார் தமக்கு விதித்துக்கொண்ட வரம்பு, அவருடைய கலையைக் குறுக்கிவிடவில்லை. கரை இருப்பதனால் ஆறு சிறுத்துவிடுவதில்லை. கரையே அதனை ஊர்ப்புறத்தில் சிதறாமல் கடல் வரையில் கொண்டு சேர்க்கின்றது. அதுபோலவே அம்மையாரின் உறுதியும் அவருடைய கலையை ஒரு நெறியில் செலுத்தியது.

1980ஆம் ஆண்டில் அம்மையார் இறைவன் திருவடி சேர்ந்தார். கட்டணம் செலுத்தி நாடகம் கண்ட தலைமுறை மறைந்துவிட்டது. இசைத்தட்டுகள் தேய்ந்துபோயின, அவற்றைச் சுழற்றிய கிராமபோன் பெட்டிகளும் காட்சிப் பொருள்களாயின. ஆயினும் தைப்பூசத்திலும் பங்குனி உத்திரத்திலும் காவடி எடுத்துச் செல்லும் அடியார்களின் வழியெங்கும் அம்மையாரின் குரல் இன்றும் கேட்கின்றது. அப்பாடலைக் கேட்கும் சிறுவர் சிறுமியர் பலர் பாடியவர் பெயரைக்கூட அறியார். பெயரை அறியாதார் நெஞ்சிலும் புகுந்து வாழ்வதே உண்மையான கலையின் வெற்றியாகும்.

வறுமையில் பிறப்பது இழிவன்று. தன்னிடத்தே அமைந்துள்ள திறமையை உணராது வாழ்வதே இழிவு. துன்பம் வருதல் எவர்க்கும் இயல்பு. அத்துன்பத்தால் தன் மதிப்பை இழவாதிருத்தலே அருமை. பசியிலும் பாடி, புகழிலும் அடங்கி, துயரிலும் தளராது தம் நெறியில் நின்ற சுந்தராம்பாள் அம்மையாரின் வாழ்க்கை, பாடக் கற்போர்க்கு மட்டுமன்றி வாழக் கற்போர்க்கும் நல்லதொரு பாடமாகும்.